பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்!
பழைய கைப்பேசி வாங்குவோருக்குச் சில யோசனைகள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூர்த் தேக்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. மல்லிகைச் சரம் ஒரு பக்கம், காய்கறிக் கடை ஒரு பக்கம், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை வாசலில் நீண்ட வரிசை ஒரு பக்கம். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேதான் கைப்பேசிக் கடைகளும் இருக்கின்றன. புதியவை மேல் தட்டிலும், ஒரு கை மாறியவை கீழ்த் தட்டிலுமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும். கீழ்த் தட்டைப் பார்க்கிற கண்கள்தாம் அதிகம். வாரம் முழுதும் உழைத்தவன் தன் காசுக்குத் தகுந்த பொருளைத் தேடுவதில் என்ன தவறு?

ஒரு தவறும் இல்லை. பழைய கைப்பேசி வாங்குவது கௌரவக் குறைவும் அல்ல. பார்க்காமல் வாங்குவதுதான் தவறு. இதற்குச் சாட்சி தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

என் தங்கை மகன் கூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வேலை சிங்கப்பூரில். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஜொகூர்ப் பாலம் கடந்து போய், இரவு ஒன்பது மணிக்குத் திரும்புகிற பிழைப்பு. அவன் தாய் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். அவளிடம் இருந்ததோ பொத்தான் வைத்த சின்னக் கைப்பேசி. கோலாலம்பூரில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆகியும் பேரன் முகத்தைப் படத்தில் பார்த்துப் பேச அவளுக்கு வழியில்லை. "அம்மாவுக்கு நல்ல போன் ஒன்று வாங்கித் தருகிறேன் மாமா" என்று தம்பி என்னிடம் சொன்னபோது எனக்கும் மகிழ்ச்சிதான்.

வாங்கியும் வந்தான். எம்.ஆர்.டி. நிலைய வாசலில் ஓர் ஆள், "நாளைக்கு ஊருக்குப் போகிறேன் தம்பி, அவசரமாகக் காசு வேண்டும்" என்று சொல்லி, 280 வெள்ளிக்கு ஓர் ஐபோனைக் கொடுத்தாராம். கீறல் இல்லை, திரை பளிச்சென்று இருந்தது. பெட்டியும் இல்லை, ரசீதும் இல்லை. விலை மலிவு என்ற சந்தோஷத்தில் தம்பி வேறு எதையும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வினை வந்தது. கைப்பேசிக்குள் யாருடைய குடும்பப் படங்களோ இருக்கின்றன என்று, தெரிந்த பையன் ஒருவன் அதைக் கணினியில் இணைத்து எல்லாவற்றையும் துடைத்தான். மறுபடி உயிர் பெற்றபோது அது பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டது. அதைப் போடாவிட்டால் ஓர் அங்குலமும் நகர மாட்டேன் என்றது. விற்ற ஆளின் எண்ணுக்கு அழைத்தால் பதில் இல்லை.

கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த என் தங்கை, "அண்ணே, இது போன் இல்லே, கல்லு" என்றாள். மகன் முகத்தை அவள் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் வேதனையாக இருந்தது.

மெட்ரோலாக் சொல்லும் பாடம்

ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் பால் நிறுக்கும் இடத்தில் என்ன நடந்தது என்பது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வாளி நிறையப் பால் இருந்தால் மட்டும் போதுமா? கிராணி மெட்ரோலாக் கருவியைப் பாலுக்குள் விடுவார். ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் கணக்கில் எழுதுவார். நம் உழைப்பை அப்படிச் சோதித்து வாங்கினார்கள். நாம் மட்டும் உழைத்த காசைச் சோதிக்காமல் கொடுத்துவிட்டு வரலாமா? தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே தீர வேண்டும்.

அரை மணி நேரம் போதும். காசு நம் கையில் இருக்கும்போதே அந்த அரை மணி நேரத்தைச் செலவிட்டுவிட வேண்டும். எதை எதைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ஆளைப் பாருங்கள்

தேக்காவுக்குப் பக்கத்தில் சுங்கை ரோட்டில் ஒரு பழைய பொருள் சந்தை இருந்தது. 1930களில் தொடங்கிய அதற்குத் 'திருடர் சந்தை' என்றே பெயர். பழைய கடிகாரம், காலணி, வானொலி, கைப்பேசி என்று எல்லாம் தரையில் பரப்பியிருக்கும். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. சந்தை போனாலும் 'எங்கிருந்து வந்தது என்று கேட்காதே' என்னும் வியாபாரம் போகவில்லை. அது இப்போது கைப்பேசித் திரைக்குள்ளும் நிலைய வாசலிலும் நடக்கிறது.

சிங்கப்பூரில் பழைய கைப்பேசி வாங்கி விற்கும் கடைக்காரர் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல்துறையிடம் உரிமம் பெற வேண்டும். தம்மிடம் விற்கிறவரின் விவரத்தையும் பதிவு செய்து வைக்க வேண்டும். ஆகவே உரிமம் உள்ள கடையில் பொருளுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. வழியில் நிற்கிற ஆளிடம் அது இல்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்கினால், வாங்கியவரும் குற்றவாளியே. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவு இதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை சொல்கிறது. வேலை அனுமதிச் சீட்டை நம்பிப் பிழைக்கும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆயிரம் வெள்ளி பெறும் பொருளை ஒருவர் இருநூறு வெள்ளிக்குத் தந்தால், "இவ்வளவு மலிவா!" என்று மகிழாதீர்கள்; "ஏன் இவ்வளவு மலிவு?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, எண்ணைப் பாருங்கள்

நமக்கு அடையாள அட்டை எண் இருப்பதுபோல ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு ஐ.எம்.இ.ஐ. என்று பெயர், 15 இலக்கம். எண் அழுத்தும் இடத்தில் *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும். இரண்டு சிம் அட்டை போடும் கைப்பேசியில் இரண்டு எண்கள் இருக்கும். பெட்டியில் அச்சிட்ட எண்ணும், 'செட்டிங்ஸ்' பகுதியில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். சில கைப்பேசிகளில் சிம் தட்டிலும் அதே எண் பொறித்திருக்கும். எண் மாறியிருந்தால் பேச்சே வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஐபோனில் இன்னொரு சின்னச் சோதனை உண்டு. 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'அபவுட்' என்று போனால் மாடல் எண் தெரியும். அது 'எம்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கினால் புதிதாகக் கடையில் விற்ற கைப்பேசி. 'எஃப்' என்றால் பழுது பார்த்துப் புதுப்பித்தது. 'என்' என்றால் பழுதான ஒன்றுக்கு மாற்றாகக் கொடுத்தது. புதுப்பித்தது கெட்டதல்ல. ஆனால் புதுப்பித்ததைப் 'புதிது போல' என்று சொல்லி விலை கேட்டால், கேட்கிறவரின் நாணயம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, பூட்டைப் பாருங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். என் தங்கை மகன் விழுந்த குழி இது.

இன்றைய கைப்பேசிகள் பழைய சொந்தக்காரரின் கணக்கோடு கட்டப்பட்டவை. அவர் தம் கணக்கை முறைப்படி விலக்காமல் கொடுத்துவிட்டால், வீடு நம்முடையது, சாவி அவருடையது என்ற கதைதான். ஐபோனிலும் இந்தப் பூட்டு உண்டு, ஆண்ட்ராய்டிலும் உண்டு. திருடனுக்குப் பயன்படாமல் இருக்கவே இதை வைத்தார்கள். அந்த நன்மை நமக்கே தீமையாகி விடக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். விற்பவரைத் தம் கணக்கை உங்கள் கண்முன்னே விலக்கச் சொல்லுங்கள். பிறகு உள்ளே உள்ளவற்றை முழுதும் துடைக்கச் சொல்லுங்கள். மறுபடி எழுந்ததும் அதை இணையத்தில் இணைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்களே அமைத்துப் பாருங்கள். இணையம் இல்லாமல் பார்த்தால் பூட்டு வெளியே தெரியாமல் போகலாம். ஆகவே உங்கள் சொந்தக் கைப்பேசியிலிருந்து இணையத்தைக் கொடுங்கள். பழைய கணக்கின் பெயர் எங்கும் தலைகாட்டாமல் முகப்புப் படங்கள் வந்து நின்றால், அந்தப் பொருள் உண்மையிலேயே உங்கள் கைக்கு வந்தது என்று பொருள்.

"இந்தக் கைப்பேசியை ஒரு நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று ஆங்கிலத்தில் ஏதாவது வாசகம் தோன்றினால் அது கம்பெனிச் சொத்து. தவணைக்கு எடுத்துக் கட்டி முடிக்காத கைப்பேசியையும் கடன் கொடுத்தவர் பின்னொரு நாள் பூட்டிவிட வழி உண்டு. இரண்டும் நமக்கு வேண்டாம். "அப்புறம் திறந்து தருகிறேன்" என்ற சொல்லை மட்டும் நம்பவே நம்பாதீர்கள்.

நான்காவது, வயதைப் பாருங்கள்

கைப்பேசி பார்க்க இளமையாக இருக்கும். உள்ளே கிழமாக இருக்கும். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நின்றது. 3ஜி சேவையும் 2024ஆம் ஆண்டில் விடைபெறத் தொடங்கியது. மலேசியாவில் 3ஜி 2021 கடைசியிலேயே முடிந்துபோனது. சிங்கப்பூரில் இனி 4ஜி வழியாகவே குரல் அழைப்பும் போக வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய கைப்பேசியில் படம் பார்க்கலாம், பேச முடியாது! ஆகவே உங்கள் சிம் அட்டையைப் போட்டு அங்கேயே ஒருவரை அழைத்துப் பேசுங்கள். இரண்டு சிம் போடுவதானால் மலேசிய அட்டையையும் போட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பும் பழைய கைப்பேசிகளைக் காலத்துக்குக் காலம் கைவிடுகிறது. 2025 மே மாதத்தில் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றில் அது நின்றுபோனது. பேரன் முகம் பார்க்கத்தானே வாங்குகிறோம்? வாட்ஸ்அப் ஓடாத கைப்பேசி எவ்வளவு அழகாக இருந்தால் என்ன? 'செட்டிங்ஸ்' பகுதியில் கடைசியாக எந்த மாதம் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது என்று பாருங்கள். பல வருடம் பின்தங்கியிருந்தால், அதில் வங்கிக் கணக்கை வைத்துக்கொள்வது ஆபத்து.

ஐந்தாவது, உடம்பைப் பாருங்கள்

கைப்பேசியை மேசைமேல் மல்லாத்தி வையுங்கள். ஆடுகிறதா? திரையோ முதுகோ ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். வீங்கிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. பிள்ளைகள் படுக்கும் வீட்டுக்கு அதைக் கொண்டு போகாதீர்கள்.

வெள்ளை நிறப் படம் ஒன்றைத் திரை முழுதும் வையுங்கள். கறுப்புப் புள்ளி, மஞ்சள் திட்டு, பழைய எழுத்துகளின் நிழல் இருந்தால் தெரியும். முகப்பில் உள்ள படம் ஒன்றை விரலால் பிடித்துத் திரையின் நான்கு மூலைக்கும் இழுங்கள். எங்காவது கை நழுவினால் அந்த இடம் செத்துவிட்டது. சாம்சங் கைப்பேசியில் *#0*# என்று அழுத்தினால், நிறம், தொடுதல், ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றையும் சோதிக்கும் பக்கம் பெரும்பாலும் திறக்கும்.

முன் கேமரா, பின் கேமரா இரண்டிலும் படம் எடுங்கள். உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். எல்லாப் பொத்தான்களையும் அழுத்துங்கள். விரல் ரேகையோ முக அடையாளமோ வேலை செய்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் கம்பியைச் செருகி, இலேசாக அசைத்து, மின்சாரம் விட்டு விட்டு ஏறுகிறதா என்று கவனியுங்கள். சிம் தட்டை உருவிவிட்டு, துளைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். ஐபோனில் அந்த இடத்தில் சிறு அடையாளம் உண்டு. தண்ணீர் பட்டிருந்தால் சிவந்துவிடும்.

ஆறாவது, பேட்டரியைப் பாருங்கள்

பேட்டரி விளக்கெண்ணெய் போல. எரிய எரியக் குறையும். ஐபோனில் 'பேட்டரி ஹெல்த்' என்ற இடத்தில் எத்தனை விழுக்காடு பலம் மிச்சம் என்று காட்டும். ஐபோன் 14 வரையில் உள்ளவை 500 முறை முழுதாகச் சார்ஜ் ஆன பிறகும், 15 முதல் வந்தவை 1000 முறைக்குப் பிறகும் 80 விழுக்காடு பலம் காக்கும்படி செய்யப்பட்டவை என்று ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. 80க்குக் கீழே இருந்தால் வாங்கக் கூடாது என்பதில்லை. புதுப் பேட்டரிக்கு ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் பேட்டரி, திரை, கேமரா போன்றவற்றை மாற்றியிருந்தால், அவற்றில் சிலவற்றை 'அபவுட்' பக்கமே காட்டிக் கொடுக்கும்.

ஏழாவது, தாளைப் பாருங்கள்

எல்லாம் சரி என்றானதும் ரசீது கேளுங்கள். கடையின் பெயர், தேதி, மாடல், விலை, அந்த 15 இலக்க எண், எத்தனை நாள் உத்தரவாதம் ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேட்டு வாங்குகிற தாள் இருக்கட்டும். நம்மிடம் நீட்டுகிற தாள் இன்னும் ஆபத்தானது. 2014 நவம்பரில், தேக்காவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள சிம் லிம் ஸ்கொயரில் நடந்ததைக் கேளுங்கள். வியட்நாமிலிருந்து வந்த ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி தம் தோழிக்காக ஒரு கடையில் 950 வெள்ளி கொடுத்துப் புதிய ஐபோன் 6 வாங்கினார். ஆங்கிலத்தில் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு "உத்தரவாதத்துக்கு இன்னும் 1,500 வெள்ளி கொடு, இல்லாவிட்டால் கைப்பேசி இல்லை" என்றார்கள். அந்த மனிதர் கடையிலேயே மண்டியிட்டு அழுதார். அந்தக் காட்சி உலகம் முழுதும் பரவியது. கடை முதலாளிக்கு 2015 நவம்பரில் 33 மாதச் சிறையும் 2,000 வெள்ளி அபராதமும் கிடைத்தன. நியாயம் கிடைத்தது உண்மைதான். ஆனால் மண்டியிட்ட அந்த நிமிடத்தை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்? படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படித்துச் சொல்ல ஒருவரை அழைத்துப் போங்கள், வெட்கம் வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்?

வாயை மூடிக்கொண்டு அழ வேண்டாம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டம் ஒன்று, கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். பொருளின் வயதையும் விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். முன்பே சொல்லி விற்ற குறைக்கு இது பொருந்தாது. தனி ஆளிடம் வாங்கியதற்கும் பொருந்தாது. என் தங்கை மகனுக்கு அந்தக் கதவு அடைபட்டது அதனால்தான்.

1971இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகி ஆலோசனை கேட்கலாம். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 20,000 வெள்ளி வரை வழக்குத் தொடரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் வழக்குக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீதைத்தான்.

மறுபடியும் தேக்காவில்

அந்தக் 'கல்' திருட்டுப் பொருளாக இருக்கலாம் என்ற எண்ணம் வந்ததும், தம்பி அதைச் சிங்கப்பூரில் ஒரு காவல் நிலையத்தில் ஒப்படைத்து, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தான். 280 வெள்ளி போனது போனதுதான். நம் நாட்டுக் காசில் மும்மடங்கு. அவன் தாய்க்கு அது எத்தனை நாள் உழைப்பு!

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இம்முறை தாயையும் கூட்டிக்கொண்டு, 170ஆம் எண் பேருந்தில் வந்து தேக்காவில் இறங்கினான். என்னையும் வரச் சொல்லியிருந்தான். உரிமம் உள்ள ஒரு கடையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை எடுத்துப் பார்த்தோம். எண் பார்த்தோம். துடைத்து, இணையம் கொடுத்து, முதலிலிருந்து அமைத்தோம். மேசைமேல் வைத்து ஆட்டினோம். கடைப் பையனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு போனுக்கு இவ்வளவு பார்க்கிறீங்களே அக்கா!" என்றான்.

என் தங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "காய்க் குலையை வெட்டிப் போட்டா மண்டோரு எங்களை விடுறாரா தம்பி? எங்ககிட்டே பார்த்துத்தானே வாங்குறாங்க. நாங்களும் பார்த்துத்தான் வாங்குவோம்."

அவனும் சிரித்துவிட்டான். ரசீதில் எண்ணையும் ஒரு மாத உத்தரவாதத்தையும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தான். விலை 190 வெள்ளி.

கடையை விட்டு வெளியே வந்ததும், கூட்டத்துக்கு ஒதுங்கி ஒரு தூணோரம் நின்று, தம்பி தன் அக்காளை அழைத்தான். சின்னத் திரையில் பல் முளைக்காத பேரன் வந்தான். அவள் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "டேய் ராசா" என்று ஒரு முறைதான் சொன்னாள். அப்புறம் பேச்சு வரவில்லை. பேசாமலே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசக அன்பர்களே! அரை மணி நேரம் பார்த்து வாங்கிய பொருள் அது. நம் வீட்டுப் பிள்ளைகள் பழைய கைப்பேசி வாங்கப் புறப்படும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்கள் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்.